26 தூக்கு, 4 தூக்கு, 3 தூக்கு... பூஜ்யம்!

ஒரே வழக்கு, ஒரே கோப்பு, நான்கு விதமான கணக்கு. மரண தண்டனையைப் பற்றிப் பேசும்போது தூக்குமேடையையே பார்க்கிறோம். காவல் நிலையத்தைப் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 30, 2011. செவ்வாய்க்கிழமை. சென்னை உயர் நீதிமன்றத் தாழ்வாரங்களில் நடக்க வழியில்லை. கறுப்பு அங்கிகளுக்கு நடுவே கட்சித் தொண்டர்கள், மாணவர்கள், கையில் பதாகையோடு வந்த குடும்பப் பெண்கள். வேலூர் மத்திய சிறையில் இருந்த ராஜீவ் கொலை வழக்குக் கைதிகள் முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவருக்கும் நாள் குறித்தாகிவிட்டது. செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை. மிச்சம் பத்து நாள். இவர்களைத் தூக்கிலிடக் கூடாது என்று சொல்லி, காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தன்னை மாய்த்துக்கொண்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

நீதிபதிகள் சி.நாகப்பன், எம்.சத்தியநாராயணன் அமர்வு. மூவருக்காக எழுந்து நின்றவர் ராம் ஜெத்மலானி. அவருடைய வாதத்தின் சாரம் ஒரு வரிக்குள் அடங்கும்: கருணை மனுவை நிராகரிக்கவே பதினோரு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள், அத்தனை காலமும் தூக்குக் கொட்டடியில் வைத்திருந்துவிட்டு இப்போது கயிற்றை நீட்டுவது என்ன நியாயம்? நீதிபதிகள் இடைக்காலத் தடை விதித்தார்கள். 'எட்டு வாரம்' என்ற சொல் கோர்ட் ஹாலிலிருந்து தாழ்வாரத்துக்கும், அங்கிருந்து வாசலுக்கும் ஓடியது.

அதே நாள், கொஞ்ச தூரத்தில் இருக்கும் கோட்டையில் இன்னொரு காட்சி. தண்டனையைக் குறைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று முந்தைய நாள் பேரவையில் சொன்ன முதல்வர் ஜெயலலிதா, தூக்கை ஆயுளாகக் குறைக்கும்படி குடியரசுத் தலைவரைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தைத் தானே கொண்டுவந்தார். எதிர்ப்பின்றி நிறைவேறியது. தமிழ்நாட்டில் தூக்கு தண்டனையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் எவரும் இந்தச் செவ்வாய்க்கிழமையைத் தொடாமல் போக முடியாது.

பூந்தமல்லியில் தொடங்கிய கணக்கு

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள், கட்சிக்காரர்கள், கூட்டம் பார்க்க வந்தவர்கள் என்று பலர் உயிரிழந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 41 பேர். அவர்களில் 12 பேர் ஏற்கெனவே இறந்துவிட்டார்கள், 3 பேர் சிக்கவில்லை. மிச்சம் 26 பேர் மீது, பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின்கீழ் அமைந்த பூந்தமல்லி நீதிமன்றத்தில், மூடிய கதவுகளுக்குள் விசாரணை நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று நீதிபதி நவநீதம் தீர்ப்பு சொன்னார். 26 பேருக்கும் தூக்கு.

தடா வழக்கில் உயர் நீதிமன்றம் என்ற படி கிடையாது. மேல்முறையீடு நேரே டெல்லிக்குப் போனது. 1999 மே 11 அன்று கே.டி.தாமஸ், டி.பி.வாத்வா, சையது ஷா முகமது காத்ரி ஆகிய மூன்று நீதிபதிகளும் தீர்ப்பளித்தபோது, 26 என்பது 4 ஆகியிருந்தது. மூவருக்கு ஆயுள். மிச்சம் 19 பேர் வெளியே போகலாம்.

அந்தப் பத்தொன்பது பேரை நம் விவாதங்களில் யாரும் நினைப்பதில்லை. அவர்களுக்கும் பூந்தமல்லியில் எழுதப்பட்டது தூக்குதான். பதினைந்து மாதம் கழித்து, அதே சாட்சியங்களைப் படித்த மேல் நீதிமன்றம், இவர்களைக் கொலைச் சதியில் சேர்க்க ஆதாரம் போதாது என்றது. தீர்ப்பை உடனே நிறைவேற்றச் சொல்லிக் கூச்சல் போடுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இந்தப் பத்தொன்பது பேருக்கு.

தூக்கு உறுதியான நால்வர் முருகன், சாந்தன், பேரறிவாளன், நளினி. இவர்களில் நளினி விஷயத்தில் நீதிபதிகளுக்குள் ஒற்றுமை இல்லை. ஆயுள் போதும் என்றார் தாமஸ். மற்ற இருவர் தூக்கு என்றார்கள். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடியது. 2000 ஏப்ரலில் தமிழக அமைச்சரவையின் பரிந்துரையை ஏற்று ஆளுநர் ஃபாத்திமா பீவி அவருடைய தண்டனையைக் குறைத்தார். நளினிக்குக் கருணை காட்டலாம் என்று சோனியா காந்தியும் கேட்டுக்கொண்டிருந்தார். கணக்கு மூன்றுக்கு இறங்கியது. 2014 பிப்ரவரி 18 அன்று தலைமை நீதிபதி பி.சதாசிவம் அமர்வு, கருணை மனு தாமதத்தைக் காரணம் காட்டி அந்த மூவரின் தூக்கையும் ஆயுளாக்கியது. பூஜ்யம்.

■ பெட்டிச் செய்தி: 1998 முதல் 2022 வரை

ஜனவரி 1998: தடா நீதிமன்றம், 26 பேருக்குத் தூக்கு.
மே 1999: உச்ச நீதிமன்றம், 4 பேருக்குத் தூக்கு, 3 பேருக்கு ஆயுள், 19 பேர் விடுவிப்பு.
ஏப்ரல் 2000: நளினியின் தூக்கு ஆயுளாகக் குறைப்பு.
ஆகஸ்ட் 2011: மூவரின் கருணை மனுக்கள் நிராகரிப்பு. உயர் நீதிமன்றம் தடை.
பிப்ரவரி 2014: மூவரின் தூக்கும் ரத்து.
மே 18, 2022: பேரறிவாளன் விடுதலை.
நவம்பர் 11, 2022: மற்ற ஆறு பேரும் விடுதலை.
பிப்ரவரி 28, 2024: இலங்கைக்குத் திரும்பக் காத்திருந்த சாந்தன், சென்னை அரசு மருத்துவமனையில் மரணம்.

விடுபட்ட ஒரு வாக்கியம்

நம் சாட்சியச் சட்டப்படி போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அடித்து வாங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் ஆங்கிலேயர் காலத்திலேயே சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. தடா அந்தத் தடுப்பை எடுத்துவிட்டது. எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரி பதிவு செய்தால் செல்லும் என்றது. 1999 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், இது தடா சட்டப்படியான பயங்கரவாதக் குற்றமே இல்லை என்று சொல்லி அந்தப் பிரிவுத் தண்டனைகளை நீக்கியது. ஆனால் தடாவின்கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்று வைத்துக்கொண்டது. சட்டம் படித்தவர்களுக்கு இதற்கு விளக்கம் இருக்கலாம். எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

பேரறிவாளன் கைதானபோது வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார், அது வெடிகுண்டில் பயன்பட்டது என்பது அவர்மீது இருந்த முக்கியமான குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி வி.தியாகராஜன், பணி ஓய்வுக்குப் பிறகு 2013-ல் வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதாகவும், அதைத் தான் எழுதவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தார்.

எழுதாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் தெரிந்தே உதவினாரா, தெரியாமல் வாங்கிக் கொடுத்தாரா என்பதைத் தீர்மானிக்கக் கூடியது. தியாகராஜன் பேசியது கைது நடந்து 22 ஆண்டு கழித்து. 2011 செப்டம்பர் 9 அன்று தண்டனை நிறைவேறியிருந்தால் அவர் பேசியிருந்தாலும் கேட்பதற்கு ஆள் இருந்திருக்க மாட்டார். தூக்கை உறுதி செய்த அமர்வுக்குத் தலைமை வகித்த கே.டி.தாமஸே 2013-ல், இத்தனை ஆண்டு சிறைக்குப் பிறகு தூக்கிலிடுவது ஒரே குற்றத்துக்கு இரட்டை தண்டனை என்று பேசினார்.

ஆர்.டி. நம்பர்

சாதாரணக் கொலை வழக்கில் செஷன்ஸ் நீதிபதி தூக்கு என்று எழுதிவிட்டால் அது அங்கேயே முடிவதில்லை. கைதி மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் கோப்பு தானாக உயர் நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டும். இங்கே அதை 'ரெஃபர்டு டிரையல்' என்பார்கள். வக்கீல்கள் வாயில் அது 'ஆர்.டி.' இரண்டு நீதிபதிகள் முதலிலிருந்து சாட்சியத்தைப் படித்து உறுதி செய்தால்தான் தூக்கு.

அப்படிப் போன கோப்புகள் என்ன ஆகின்றன என்பதுதான் சங்கடமான பகுதி. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்த நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளில் கீழ் நீதிமன்றங்கள் கொடுத்த தூக்குகளில் கடைசிவரை நின்றது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. ஏறக்குறைய முப்பது சதவீதம் பேர் குற்றவாளியே இல்லை என்று விடுதலையானார்கள். மீதிப் பேருக்குத் தண்டனை குறைந்தது. அதே பல்கலைக்கழகத்தின் பிந்தைய கணக்கில், 2023-ல் நாடு முழுவதும் கீழ் நீதிமன்றங்கள் 120 தூக்கு எழுதின. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது ஒன்றுகூட இல்லை. ஆண்டு முடிவில் தூக்குக் கைதிகள் 561 பேர்.

நூற்றுக்கு முப்பது தையல் பிரிந்து வரும் கடையில் யாராவது இரண்டாவது தடவை துணி கொடுப்பார்களா? நாம் உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தூக்குக் கைதிகளில் முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்றும் அந்த 2016 அறிக்கை சொல்கிறது. அதிலும் ஆச்சரியமில்லை. கொலை வழக்கில் தூக்குக்கும் ஆயுளுக்கும் நடுவில் பல நேரம் நிற்பது, முதல் நாளிலிருந்து குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்த ஒரு வக்கீல்.

உடுமலை, கடலூர், முகலிவாக்கம்

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். சிசிடிவியில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு கொடுத்தபோது, சாதி ஆணவக் கொலைக்கு எதிரான வரலாற்றுத் தீர்ப்பு என்று கொண்டாடினோம். நானும்தான் கொண்டாடினேன். 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்தது. சதியில் அவருக்குப் பங்கு இருந்ததை அரசுத் தரப்பு சந்தேகமின்றி நிரூபிக்கவில்லை என்றது. மற்ற ஐவரின் தூக்கும் 25 ஆண்டு சிறையாகியது. தூக்கு என்ற தலைப்புச் செய்தியின் வெளிச்சத்தில், சதி நிரூபிக்கப்பட்டதா என்று 2017-ல் யாரும் கேட்கவில்லை. அந்த விடுதலையை எதிர்த்துக் கௌசல்யா உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

கடலூர் மாவட்டத்தில் 2009-ல் ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கு இன்னும் விசித்திரம். கீழ் நீதிமன்றம் விதித்த தூக்கை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. 2013-ல் சீராய்வும் தள்ளுபடி. அதோடு முடிந்திருக்க வேண்டியது. தூக்கு வழக்குகளில் சீராய்வு மனுவைத் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று 2014-ல் வேறொரு வழக்கில் தீர்ப்பு வந்ததால் இந்தக் கோப்பும் மறுபடி திறந்தது. 2023 மார்ச்சில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, குற்றம் நிரூபணமானது என்றே சொல்லி, தூக்கை மட்டும் 20 ஆண்டு சிறையாகக் குறைத்தது. குற்றவாளியின் பின்னணியை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை என்று குறை கண்டது. அவருடைய சிறை நடத்தை பற்றிய தகவலை மறைத்ததற்காக உள்ளூர்க் காவல் ஆய்வாளருக்கு அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பச் சொன்னது. இறந்தது ஒரே ஆண் பிள்ளை என்பதைப் பழைய தீர்ப்பு ஒரு காரணமாகக் காட்டியிருந்ததையும் இந்த அமர்வு ஏற்கவில்லை. பெண் குழந்தை என்றால் கொலையின் கனம் குறைந்துவிடுமா?

மூன்றாவது, முகலிவாக்கம். 2017 பிப்ரவரியில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி காணாமல் போய், எரிந்த உடலாகக் கிடைத்தாள். சென்னை கொதித்தது. ஓர் ஆண்டு முடிந்த சில நாளில் செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு விதித்தது. ஐந்தே மாதத்தில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. வேகமான நீதிக்கு உதாரணமாகச் சொல்லப்பட்ட வழக்கு இது. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த இளைஞரை முழுமையாக விடுதலை செய்தது.

காரணங்களைப் படித்தால் கை நடுங்கும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிய நேரத்தில் வழக்கறிஞர் கிடைக்கவில்லை, தற்காப்புக்குத் தயாராகப் போதிய அவகாசம் தரப்படவில்லை. அரசுத் தரப்பு பெரிதாகப் பேசிய சிசிடிவி பதிவு, ஆதாரமாக நீதிமன்றத்தில் வைக்கப்படவில்லை. குற்றவாளி என்று சொன்ன நாளிலேயே, வாழ்க்கைப் பின்னணியை விசாரிக்காமல், தூக்கும் எழுதப்பட்டது. சாட்சியச் சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடொன்று சேரவில்லை.

அவர் குற்றவாளியா இல்லையா என்பதைப் பற்றி வாசகர் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும். அதை விட்டுவிடுவோம். இப்படி யோசியுங்கள்: அவர் குற்றவாளி இல்லையென்றால், ஏழரை ஆண்டுக்கு மேல் ஒரு நிரபராதி தூக்குக் கொட்டடியில் இருந்தார், குழந்தையைக் கொன்றவன் வெளியே இருக்கிறான். அவர்தான் குற்றவாளி என்றால், அவரை வெளியே விட்டது உச்ச நீதிமன்றம் அல்ல. சிசிடிவி பதிவைக் கைப்பற்றி முறையாக ஒப்படைக்காத புலனாய்வும், அவசரப்பட்ட விசாரணையும். இரண்டில் எது உண்மையானாலும் தோற்றது அந்தக் குழந்தையின் பெற்றோர்.

மூன்று வழக்கிலும் நடந்தது ஒன்றுதான். 'தூக்கு' என்று தீர்ப்பு வந்ததும் வழக்கு முடிந்துவிட்டதாக நினைத்தோம். புலனாய்விலும் விசாரணையிலும் இருந்த ஓட்டைகளை அடைக்க அப்போதும் நேரம் இருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

■ பெட்டிச் செய்தி: ஒரே குற்றம், மூன்று முடிவு

1975-ல் உத்தரப் பிரதேசத்தில் நடந்த கொலைகளில் ஜீதா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் மூவருக்கும் ஒரே அளவு பங்கு, மூவருக்கும் தூக்கு. தனித்தனியாக மேல்முறையீடு போனார்கள். காஷ்மீரா சிங்கின் தூக்கை ஓர் அமர்வு ஆயுளாக்கியது. ஜீதா சிங்கின் மனு தள்ளுபடியாகி, 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிடப்பட்டார். ஹர்பன்ஸ் சிங்கையும் அதே நாளில் தூக்கிலிட ஏற்பாடு. கடைசி நேரத்தில் தடை கிடைத்தது. 1982-ல் இந்த முரண்பாட்டைக் கண்டுகொண்ட உச்ச நீதிமன்றம், அவருக்குத் தண்டனைக் குறைப்பைப் பரிந்துரைத்தது. ஜீதா சிங்குக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை.

"சோறு போட்டு வளர்க்கணுமா?"

டீக்கடையில் இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. இதைக் கேட்கிறவர்களை ரத்தவெறியர்கள் என்று ஒதுக்குவது எளிது. அது நேர்மையில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் பணியில் இருந்த பெண் காவல் அதிகாரி அனுசுயா டெய்சி, குண்டுவெடிப்பில் விரல்களை இழந்தவர். எழுவர் விடுதலையைக் கடைசிவரை பகிரங்கமாக எதிர்த்தார். வேலூர் சிறைக்குப் போய் நளினியைச் சந்தித்த பிரியங்கா காந்தியின் மன்னிப்பு ஊரெங்கும் பேசப்பட்டது. அன்று இறந்த காவலர்களின் வீடுகளிலும் யாராவது மன்னித்தார்களா என்று போய்க் கேட்டவர்கள் எத்தனை பேர்? டெல்லியில் 2012 டிசம்பரில் மகளைப் பறிகொடுத்த ஆஷா தேவி, குற்றவாளிகள் நால்வரும் 2020 மார்ச் 20 விடியற்காலை திகார் சிறையில் தூக்கிலேறும்வரை ஏழு ஆண்டுக்கு மேல் கோர்ட் படியேறினார். அவருக்கு அது பழிவாங்கல் இல்லை, வழக்கு முடிவது.

தூக்கு இருந்தால் குற்றம் குறையும் என்ற வாதத்துக்கு அதிக இடம் கொடுக்கத் தேவையில்லை. ஆயுளைவிடத் தூக்கு கூடுதலாகக் குற்றத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று நீதிபதி ஏ.பி.ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015-ல் சொல்லிவிட்டது. பயங்கரவாதம், நாட்டின்மீது போர் தொடுத்தல் தவிர மற்றக் குற்றங்களுக்குத் தூக்கை எடுத்துவிடலாம் என்பது அதன் பரிந்துரை. நாடாளுமன்றம் எதிர்த்திசையில் போனது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் தூக்கு விதிக்கக்கூடிய குற்றங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

தூக்கை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இதுவல்ல. வேறொன்று இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

■ பெட்டிச் செய்தி: 2004 முதல் நிறைவேறிய தூக்குகள்

2004: தனஞ்சய் சாட்டர்ஜி, அலிப்பூர் சிறை.
2012: அஜ்மல் கசாப், எரவாடா சிறை.
2013: அப்சல் குரு, திகார் சிறை. குடும்பத்துக்கு அரசு அனுப்பிய கடிதம் தூக்குக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது.
2015: யாகூப் மேமன், நாக்பூர் சிறை. விடிவதற்கு முன் மூன்று மணிக்கு மேல் உச்ச நீதிமன்றம் கூடி அவருடைய கடைசி மனுவைக் கேட்டது.
2020: டெல்லி பாலியல் வன்கொலை வழக்கில் நால்வர், திகார் சிறை.
தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் ஆட்டோ சங்கர். சேலம் சிறை, 1995.

காத்திருப்பும் ஒரு தண்டனை

தாமதம் என்ற வாதத்துக்கு அஸ்திவாரம் போட்டதும் தமிழ்நாட்டு வழக்குதான். தூக்கு விதிக்கப்பட்டு, எட்டு ஆண்டு தனிமைக் கொட்டடியில் கிடந்த வைத்தீஸ்வரனின் வழக்கில், 1983 பிப்ரவரியில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, இரண்டு ஆண்டுக்கு மேல் தாமதமானாலே தூக்கை ரத்து செய்யலாம் என்றது. அடுத்த மாதமே வேறொரு அமர்வு அந்த இரண்டு ஆண்டுக் கணக்கை ஏற்க மறுத்தது. பிறகு முப்பது ஆண்டு இழுபறி.

முடிவு வந்தது 2014 ஜனவரி 21 அன்று. கருணை மனுக்களில் நியாயமற்ற தாமதம், மனநோய், தனிமைச் சிறை ஆகியவை தூக்கைக் குறைக்கக் காரணம் என்று தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு சொல்லி, 15 பேரின் தூக்கை ஒரே நாளில் ரத்து செய்தது. அந்தப் பதினைந்தில் நால்வர் வீரப்பன் கூட்டாளிகள் என்று தண்டிக்கப்பட்டவர்கள். 1993 பாலாறு கண்ணிவெடி வழக்கு. மைசூர் தடா நீதிமன்றம் அவர்களுக்குக் கொடுத்தது ஆயுள். மேல்முறையீட்டுக்குப் போன இடத்தில் 2004-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்காக உயர்த்தியது. பத்து ஆண்டு கழித்து அதே உச்ச நீதிமன்றம் அதை மறுபடி ஆயுளாக்கியது. கருணை மனு நிராகரிப்பைத் தெரிவித்த பிறகு குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும், குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற விதிகளும் அன்று வந்தவைதான். அப்சல் குரு குடும்பத்துக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்பதற்காக.

இப்போது சட்டம் மாறிவிட்டது. அதிகம் பேசப்படாத மாற்றம் இது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472-ஆம் பிரிவு கருணை மனுவுக்குக் கெடு வைக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு, ஆளுநர் நிராகரித்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. தாமதத்தைக் குறைக்கத்தான் இது என்றால் வரவேற்கலாம். ஆனால் குடியரசுத் தலைவர் அந்த மனுவை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்பதற்குப் பிரிவில் கெடு இல்லை. அதற்குப் பதில், குடியரசுத் தலைவரின் முடிவை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்ற வரி இருக்கிறது. கைதிக்குக் கெடு உண்டு, ராஷ்டிரபதி பவனுக்கு இல்லை. 2014-ல் பதினெட்டுப் பேர் உயிர் தப்பிய கதவு, அந்த முடிவைக் கேள்வி கேட்கும் கதவுதான். அரசியல் சாசனம் தந்த உரிமையை ஒரு சாதாரணச் சட்டத்தால் பூட்ட முடியுமா என்று உச்ச நீதிமன்றம் கடைசியில் முடிவு செய்யும். அதற்குள் ஒரு கைதியின் முறை வந்துவிடக் கூடாது.

■ பெட்டிச் செய்தி: கடல் கடந்து தமிழர் வாழும் நாடுகளில்

சிங்கப்பூர்: 42.72 கிராம் ஹெராயின் கடத்திய வழக்கில் மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மதிப்பிடப்பட்டிருந்தது. ஓர் ஆண்டு கழித்து, ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சா வழக்கில் தங்கராஜு சுப்பையா.
மலேசியா: கட்டாயத் தூக்கை 2023-ல் ரத்து செய்தது. தூக்கா, சிறையா என்பது இப்போது நீதிபதியின் முடிவு.
இலங்கை: 1976-க்குப் பிறகு தூக்கு இல்லை. 2019-ல் போதைப்பொருள் கைதிகள் நால்வரைத் தூக்கிலிட அன்றைய அதிபர் சிறிசேன முயன்றார். உச்ச நீதிமன்றம் தடுத்தது.

ஆயுள் என்றால் எவ்வளவு?

தூக்கை ஆதரிப்பவர்களின் உண்மையான வாதத்துக்கு வருவோம். மேலவளவு. 1997 ஜூன் 30. தாழ்த்தப்பட்டவர் ஊராட்சித் தலைவராக வந்ததைப் பொறுக்காமல், தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேரைப் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை. அண்ணா நூற்றாண்டை ஒட்டி 2008-ல் தமிழகச் சிறைகளிலிருந்து 1,400-க்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகள் வெளியே விடப்பட்டபோது, இவர்களில் மூவரும் வெளியே வந்தார்கள். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பெயரால் 13 பேர். குஜராத்தில் பில்கிஸ் பானு வழக்கின் 11 பேரை 2022 சுதந்திர தினத்தன்று விட்டதும் இதே வழியில்தான். அந்த விடுதலையை 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து அவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பியது. மேலவளவுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஆயுள் என்று எழுதிய தீர்ப்பு ஒரு தலைவரின் பிறந்தநாளில் கரைந்துபோவதைப் பார்த்தவர்கள் தூக்கு கேட்கிறார்கள். கயிற்றின்மீது அவர்களுக்கு ஆசை என்று நான் நினைக்கவில்லை. ஆயுள்மீது நம்பிக்கை போய்விட்டது.

இதற்கு நீதிமன்றங்கள் ஒரு நடுவழி கண்டுபிடித்திருக்கின்றன. 20, 25, 30 ஆண்டு என்று எண்ணிக்கை குறிப்பிட்டு, அதுவரை முன்விடுதலைச் சலுகை கிடையாது என்று எழுதுவது. இந்த அதிகாரம் செல்லும் என்று 2015-ல் அரசியல் சாசன அமர்வு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் உறுதி செய்தது, ராஜீவ் வழக்குக் கைதிகளைத் தமிழக அரசு விடுவிக்க முயன்றதிலிருந்து கிளம்பிய வழக்கில்தான். உடுமலை வழக்கின் 25 ஆண்டும் கடலூர் வழக்கின் 20 ஆண்டும் இந்த வகை. ஆனால் இந்த எண்ணை எழுதும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டும்தான். செஷன்ஸ் நீதிபதியின் மேசையில் இருப்பவை இரண்டே: தூக்கு, அல்லது எந்த நூற்றாண்டு விழாவிலும் கரையக்கூடிய ஆயுள். ஊர் கொதிக்கும் வழக்கில் அவர் தூக்கை எழுதி ஆர்.டி. நம்பர் போட்டு மேலே தள்ளிவிடுகிறார்.

கீழ் நீதிமன்றத்துக்கும் அந்த நடுவழியைத் திறந்துவிட நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். முன்விடுதலைப் பட்டியல் போடும்போது பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கூப்பிட்டுக் கேட்க மாநில அரசாணை ஒன்று போதும். மூன்றாவது வேலை கொஞ்சம் கஷ்டம். 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தூக்கைப் பரிசீலிக்கும் முன் குற்றவாளியின் வாழ்க்கைப் பின்னணி, மனநிலை, சிறை நடத்தை ஆகியவை பற்றி அறிக்கை வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. தீர்ப்பு காலையிலும் தண்டனை மாலையிலும் வரும் நீதிமன்றங்களில் அந்த அறிக்கையை யார் எழுதுவது, அந்த ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதற்குத் தமிழக உள்துறை பதில் சொல்ல வேண்டும்.